கல்ச்சர் தட்டை இரண்டே நாளில் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தால் டெங்கு, எலிக்காய்ச்சல் என்று நம் பேப்பரில் வருஷா வருஷம் எழுதுகிறீர்கள், நல்லது. மண்ணிலிருந்து தோலுக்குள் போகும் நோகார்டியா என்ற கிருமியைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடிக்கவே மூன்று மாதம் ஆனது.

என் அண்ணனுக்கு நாலு வருஷத்துக்கு முன் சென்னையில் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. வைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், பிரெட்னிசோலோன் என்று ஆயுசுக்கும் மாத்திரை, அந்த மாத்திரையே எதிர்ப்புச் சக்தியையும் அடக்கி வைக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது மாஸ்க் போடு, வெளியில் சாப்பிடாதே என்றெல்லாம் சொன்னவர்கள், கொல்லையில் இறங்குவாயா என்று கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நாங்கள் இலவம்பாடி பக்கம். புவிசார் குறியீடு வாங்கிய முள்ளு கத்தரிக்காய்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. தண்டு, இலை, காம்பு எல்லாம் முள், பறிக்கும்போது குத்தாத நாளே கிடையாது.

அப்படித்தான் ஒரு நாள் முன்கையில் சுருக்கென்று குத்தியது. பத்து நாளில் சின்னக் கட்டி, அது உடைந்து சீழ், அப்புறம் மணி கோத்த மாதிரி கை நெடுக வரிசையாகக் கட்டிகள், அக்குளில் நெறி. அண்ணி மஞ்சள் அரைத்துப் பூசினார் (அவரைச் சொல்லி என்ன, பூசச் சொன்னதே நான்தான்). கிளினிக்கில் ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், கேட்கவில்லை, இன்னொன்று கொடுத்தார்கள், அதுவும் கேட்கவில்லை. சீழ் எடுத்துக் கல்ச்சருக்கு (தட்டில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்பினோம், இரண்டாம் நாளே 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட். அந்தத் தாளை நம்பி மேலும் ஆறு வாரம் ஓட்டினோம்.

கடைசியில் வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார். கத்தரிக் கொல்லை, மாற்றுச் சிறுநீரகம் இரண்டையும் சொன்னதும் மறுபடி சீழ் எடுத்து, தட்டை மூன்று வாரம் வரை வைத்துப் பார்க்கச் சொல்லி லேபுக்கு எழுதினார். ஆறாம் நாளே தெரிந்துவிட்டது: நோகார்டியா. நூல் நூலாகக் கிளை விட்டுப் பூஞ்சை மாதிரி இருக்குமாம், ஆனால் பாக்டீரியா, காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவு, அதனால் வளர்வதும் மெதுவாகத்தான். 1888-ல் நோக்கார் என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் மாடுகளுக்கு வந்த நோயில் கண்டுபிடித்தது. நல்ல உடம்பில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும், அண்ணன் மாதிரி ஆட்களுக்கு நுரையீரல், மூளை வரை போகலாம். ஸ்கேன் எடுத்தார்கள், அங்கே ஒன்றும் இல்லை. மருந்து என்று பார்த்தால் பழைய கோட்ரைமாக்ஸசோல்தான், விலையும் குறைவு, ஆனால் மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். அதுவும் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) ஏறுகிறதா என்று ரத்தம் பார்த்துக்கொண்டே.

இந்தியாவில் முதன்முதலில் வெற்றிகரமாக சிறுநீரக மாற்று அறுவை நடந்ததே 1971-ல் நம் வேலூர் சி.எம்.சி.யில்தான். அந்த ஊரைச் சுற்றி கழனி, கொல்லை என்று மண்ணில் இறங்குகிற நோயாளிகள் இருக்கத்தான் செய்வார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மெலியாய்டோசிஸ் என்று இன்னொரு பாக்டீரியா நோய், மழைக்காலத்தில் சேற்றிலிருந்து ஏறுவது. அது கல்ச்சரில் சீக்கிரமே வளர்ந்தாலும் வேறு ஏதோ கிருமி என்று ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு.

அண்ணன் இப்போதும் கொல்லைக்குப் போகிறார், முழுக்கைச் சட்டையும் தோல் கையுறையும் போட்டுக்கொண்டு. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரத்தில் அது கிடைக்க எங்களுக்கு இத்தனை நாள் ஆகியிருக்கக் கூடாது. ஆறாத புண்ணோடு போகிறவர்கள் தாங்கள் சாப்பிடும் மாத்திரையையும் செய்யும் வேலையையும் கேட்காமலே டாக்டரிடம் சொல்லுங்கள். லேப் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: 'வளர்ச்சி இல்லை' என்று எழுதும்போது, எத்தனை நாள் வைத்துப் பார்த்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒரு வாசகர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்