ஒரே பெயருள்ள இரண்டு கப்பல்களைக் குழப்பித் திருப்பிய மனுவை மீண்டும் எடுத்துக்கொள்ளக் கோருதல்

அனுப்புநர்: முன்னாள் கடற்படை இன்ஜின் ரூம் மெக்கானிக், கடலூர் முதுநகர்.

பெறுநர்: உயர்திரு அலுவலர் அவர்கள்.

பொருள்: காது மெஷின் உதவி, நான்காம் முறை வேண்டுதல்.

பார்வை: பலன் கிடைக்காத என் முந்தைய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1984 முதல் 1989 வரை ஐஎன்எஸ் ராஜ்புத் என்ற டெஸ்ட்ராயரில், அதாவது நாசகாரிப் போர்க்கப்பலில், வேலை பார்த்தேன். நான் கொடுத்த மனுவின் ஓரத்தில், ‘மேற்படி கப்பல் 1976-லேயே கழிக்கப்பட்டது’ என்று பென்சிலில் எழுதித் திருப்பிவிட்டார்கள். அது பற்றிப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

1. ராஜ்புத் என்ற பெயரில் நம் கடற்படையில் இரண்டு நாசகாரிக் கப்பல்கள் இருந்தன. முதலாவது, பிரிட்டனிடமிருந்து 1949-ல் வாங்கிய ‘ராதர்ஹாம்’. நீராவியில் ஓடியது, எண் டி141. 1971 போரில் பாகிஸ்தானின் ‘காஸி’ நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கிய கதையில் வருவது அதுதான். 1976-ல் போனதும் அதுதான்.

2. நான் இருந்தது இரண்டாவது. சோவியத் நாட்டில் நிகோலாயெவில் கட்டி, 4-5-1980-ல் படையில் சேர்ந்தது. எண் டி51. கப்பல் பக்கத்தில் நான் நிற்கும் போட்டோவில் அந்த எண் தெரிகிறது, இணைத்துள்ளேன்.

3. நீளம் சுமார் 147 மீட்டர், நான்கு கேஸ் டர்பைன்கள், 35 நாட் (மணிக்கு 35 கடல் மைல்) வேகம். படிக்க நன்றாகத்தான் இருக்கும். கீழே நின்றவனுக்குத்தான் தெரியும். 1987-ல் இலங்கைப் பக்கம் ரோந்து, 1988-ல் மாலத்தீவு. வாட்ச் டியூட்டி முடிந்து மேலே வந்தாலும் டர்பைன் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போதும் ஓடுகிறது. அது ஒன்றுதான் கேட்கிறது, வேறெதுவும் கேட்பதில்லை. பேத்தி என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள், சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். லாரன்ஸ் ரோடு நெரிசல் தாங்கள் அறிந்ததே. பின்னால் பஸ் வந்து நின்று கண்டக்டர் இறங்கித் திட்டினால்தான் எனக்கு விஷயம் தெரிகிறது. போன மாதம் அலுவலகத்தில் காலை 9 மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டார்களாம். ‘மனுதாரர் வரவில்லை’ என்று எழுதிவிட்டார்கள். காது கேட்கவில்லை என்று மனுக் கொடுத்தவனை வாயால் கூப்பிட்டால் எப்படி ஐயா வருவான்?

4. பிரமோஸ் ஏவுகணையைக் கடலில் சோதித்துப் பார்த்தது இந்த ராஜ்புத்தில்தான். 1976-ல் கழித்த கப்பலிலிருந்தா ஏவினார்கள்?

5. 21-5-2021 அன்று விசாகப்பட்டினத்தில் கொடி இறக்கி அதற்கு விடை கொடுத்தார்கள். 41 வருஷம் ஓடிய கப்பல். சரி, அது போய்விட்டது. நான் இருக்கிறேன்.

ஆகவே, அந்தப் பென்சில் குறிப்பை நீக்கி, காது மெஷினுக்கு ஆவன செய்யும்படி மீண்டும் மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கருணை கூர்ந்து இந்த முறையாவது செய்யுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்

பி.கு.: போன் செய்ய வேண்டாம். கடிதம் போடவும். நேரில் அழைத்தால் பெயரைக் கூப்பிடாமல் கையைக் காட்டச் சொல்லவும். முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன்.