சோதனை நாளில் தொழிலாளர்களை வெளியே அனுப்ப விடாதீர்கள்

மதிப்பிற்குரிய வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலை ஒன்றில் 16 வருடமாக வேலை பார்க்கும் பெண்ணின் மகள் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அம்மா காலை 10 மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். தூக்குவாளியில் கொண்டுபோன சோறு அப்படியே இருந்தது. "ஆபீசர் வர்றாகளாம், எங்களக் கெளம்பச் சொல்லிட்டாக" என்றார். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் அன்றைக்குக் கையில் ஒரு காசும் இல்லை. மறுநாள், விட்ட வேலையையும் சேர்த்து முடிக்க வேண்டியிருந்தது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஏழு பேர் உட்கார்ந்தார்களாம். இடம் போதாமல் இரண்டு பேர் வெளியே மரத்தடியில் திரி சொருகியிருக்கிறார்கள்.

நீங்கள் வந்தபோது அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று உங்கள் குறிப்பேட்டில் இருக்கும். அது பொய்க் கணக்கு அல்ல. ஆனால் நீங்கள் பார்த்தது எங்கள் அம்மா வேலை செய்யும் ஆலை அல்ல.

அறைக்கு நாலு பேர் என்ற விதியில் எனக்குக் குறை இல்லை. உராய்வில் ஒரு பொறி பட்டால் ஏழு பேருக்கு வாசல் போதாது. மீந்த வெடிமருந்தை அன்றன்றே அழித்துவிட வேண்டும் என்பதும் சரிதான். ஈரம் பட்ட அலுமினியப் பொடிக் கலவை ராத்திரியெல்லாம் உள்ளுக்குள்ளேயே சூடேறும் என்பது போர்மேன் முதல் கூலியாள் வரை எல்லோருக்கும் தெரியும். விதி சரியாக இருந்தும், அது வந்து இறங்குவது கூலிக்காரி தலையில். வெடிக்குப் பயப்படுவதைவிட உங்கள் வண்டிக்கு அதிகம் பயப்படுகிறார் அம்மா. வெடி என்றைக்கோ வரலாம், வராமலும் போகலாம். உங்கள் வண்டி வந்தால் அன்றைய கூலி நிச்சயமாகப் போய்விடும்.

ஆகவே கேட்கிறேன்: முன்கூட்டித் தகவல் கசியாமல் வாருங்கள். சோதனை நாளில் தொழிலாளர்களை வெளியே அனுப்ப விடாதீர்கள். வேலை நின்றால், அன்றைய முழுக் கூலியையும் உரிமம் வைத்திருப்பவர் கொடுக்க வேண்டும் என்று விதியில் எழுதுங்கள்.

2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் கிட்டத்தட்ட 40 பேரைப் பறிகொடுத்தோம். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். ஒவ்வொரு முறையும் போர்மேன் கைதாகிறார், உரிமம் கொஞ்ச நாள் நிறுத்தப்படுகிறது, நிவாரணக் காசோலையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விடுவது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாக்பூரில் உள்ள வெடிபொருள் துறைத் தலைமையகம் தரும் உரிமம் ஒருவர் பெயரில், மருந்து கலப்பது வேறொருவர் பொறுப்பில். செத்தவர்களின் பிள்ளைகளில் சிலர் என்னோடு படித்தவர்கள். அவர்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

மன்னியுங்கள், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். உங்களிலும் ஆள் பற்றாக்குறையோடு வெயிலில் அலைபவர்கள் இருக்கிறார்கள், அது தெரியும்.

அடுத்த முறை வரும்போது போர்மேனிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போகாமல், அறைக்குள் இருக்கும் பெண்களிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். அதற்கு அவர்கள் அங்கே இருக்க வேண்டும். தயவுசெய்து அன்றைக்கு அவர்களை வெளியே அனுப்ப விடாதீர்கள்.

பணிவுடன்,
ஒரு பட்டாசுத் தொழிலாளியின் மகள்