குரூப் டூரா, தனியாகவா? பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் நின்று உன் அம்மா வரிக்கு வரி திருத்தம் போட்டுக்கொண்டிருந்தாள், அதனால்தான் எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பா அம்மாவை அடுத்த வருஷம் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் கூட்டிப்போக நினைக்கிறீர்கள், நாங்கள் போன மாதிரி குரூப் டூரா, இல்லை நீங்களே கார் எடுத்து ஓட்டுவதா என்பதுதானே கேள்வி? அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் குரூப்பிலேயே போங்கள். வேல்ஸை மட்டும் அந்த டூரில் சேர்க்காதீர்கள், அது தனியாகப் போகவேண்டிய இடம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

எங்கள் டூர் நோட்டீஸில் "கெல்டிக் நாடுகள்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஐரிஷ், வேல்ஷ் மாதிரியான கெல்டிக் குடும்பத்து மொழிகளை வைத்து அப்படிச் சொல்லப்படுபவை ஆறு: அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், இடையில் கடலில் கிடக்கும் மான் தீவு, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால், பிரான்ஸில் பிரிட்டனி. பஸ் போனது முதல் மூன்றுக்குத்தான். அதோடு, பழைய கல் எதைக் காட்டினாலும் கெல்டிக் என்று சொல்லிவிடுகிறார்கள். டப்ளினுக்கு வடக்கே நியூகிரேஞ்ச் என்று ஒரு பெரிய கல்லறை மேடு இருக்கிறது, கி.மு. 3200 வாக்கில் கட்டியது, கீஸா பிரமிடுக்கும் மூத்தது. டிசம்பரில் பகல் மிகக் குறுகிய நாட்களில் மட்டும் காலை வெயில் வாசலுக்கு மேலுள்ள துவாரம் வழியாக உள்ளறை வரைக்கும் போகும்படி அமைத்திருக்கிறார்கள். அதைக் கட்டியவர்கள் காலத்தில் கெல்டிக் மொழி அந்தத் தீவுக்கு வந்தே இருக்காது. அங்கேயே வேலை பார்க்கும் வழிகாட்டிப் பெண் அதைத் தெளிவாகச் சொன்னாள், பஸ்ஸில் ஏறியதும் எங்கள் டூர் மேனேஜர் மறுபடியும் கெல்ட்டுகளின் கோயில் என்று ஆரம்பித்துவிட்டார். சரி, அவருக்கும் மைக் இருக்கிறதே.

குரூப் வாழ்க்கை எப்படி என்று கேட்டாய். "ஆறு, ஏழு, எட்டு" என்று ஒரு கணக்கு: ஆறுக்கு எழுப்புவார்கள், ஏழுக்குச் சாப்பாடு, எட்டுக்கு வண்டி. லக்கேஜை அறை வாசலில் வைத்துவிட்டால் தானாகக் கீழே போய்விடும், உன் மாமனாருக்கு அது ஒன்றே பெரிய விஷயம். தினமும் இருக்கையை இரண்டு வரிசை மாற்றி உட்காரவைப்பார்கள், அதில் வரும் சண்டையை உன் அம்மாவிடம் கேள், பெயர் வாரியாகச் சொல்லுவாள். டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வு எடுத்தே ஆகவேண்டும், அது சட்டம், அதனால் பாத்ரூமுக்கு எங்கே நிற்குமோ என்ற பயம் வேண்டாம். ராத்திரி இந்தியச் சாப்பாடு கிடைத்துவிடும், எல்லா ஊரிலும் ஒரே பனீர்தான். மத்தியானம்தான் சைவக்காரர்களுக்குத் திண்டாட்டம், சூப்பும் அந்தப் பழுப்பு சோடா ரொட்டியும் வாங்கிக்கொள்ளச் சொல், நன்றாகவே இருக்கும்.

அயர்லாந்துக்கு ஏன் பஸ் என்றால் சாலைகள்தான். கெர்ரி வளையம் என்ற கடலோரச் சாலையில் எதிரும் புதிருமாக இரண்டு பஸ் வந்தால் ஒதுங்க முடியாத இடங்கள் இருக்கின்றன, அதனால் டூர் பஸ் எல்லாம் ஒரே திசையில், கடிகார முள்ளுக்கு எதிராகத்தான் சுற்றும். மாப்பிள்ளை நன்றாக ஓட்டுவார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டுகிறவருக்கு அந்தச் சாலையில் ஒரு மலையும் கண்ணில் படாது.

ஆனால் மோஹர் பாறைகள் விஷயத்தில் குரூப் எங்களைக் கைவிட்டது. உயரமான இடத்தில் 214 மீட்டர், கடலிலிருந்து சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்குமாம். "நிற்குமாம்" என்றுதான் சொல்லமுடியும், நாங்கள் போன அன்று எதிரே வெள்ளைத் துணி கட்டிவிட்டதுபோல மூடுபனி. தனியாகப் போயிருந்தால் பக்கத்து ஊரில் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்திருக்கலாம், குரூப்பில் மணி அடித்தால் ஏறவேண்டியதுதான். அந்தப் பக்கத்து வானிலையை வைத்துப் பார்த்தால் இதுதான் பெரிய குறை.

டப்ளினில் ஒரு காரியம் செய்யச் சொல். மாலையில் எல்லோரும் டெம்பிள் பார் பக்கம் பாட்டு கேட்கப் போனபோது நானும் அம்மாவும் லிஃபி ஆற்றங்கரையில் பஞ்ச நினைவுச் சிலைகளைப் பார்க்கப் போனோம். 1997-ல் வைத்த வெண்கல உருவங்கள், கந்தல் உடுத்தி, மூட்டையை அணைத்துக்கொண்டு கப்பலை நோக்கி நடக்கிறவர்கள், ஒருவன் தோளில் பிள்ளையைப் போட்டிருக்கிறான், பின்னால் எலும்பும் தோலுமாக ஒரு நாய். 1845-ல் உருளைக்கிழங்கில் விழுந்த நோய், அடுத்தடுத்த வருஷங்களிலும் விளைச்சல் போய், பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். அத்தனை சாவுக்கு நடுவிலும் அங்கிருந்து தானியமும் மாடும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது. உன் ஆச்சி தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லுவாளே, 1876-ல் தொடங்கியது, அப்போதும் சென்னைத் துறைமுகத்திலிருந்து தானியம் வெளியே போனது, ஆட்சி செய்தவர்களும் அதே பிரிட்டிஷ்காரர்கள். பஞ்சத்துக்கு முன் அந்தத் தீவில் எண்பது லட்சத்துக்கு மேல் ஜனங்கள், இன்றைக்கு வடக்கையும் தெற்கையும் சேர்த்துக் கூட்டினாலும் எழுபது லட்சத்தைச் சுற்றித்தான் வருகிறது. இது தெரிந்த பிறகு மேற்குப் பக்கம் வெறிச்சென்று கிடக்கும் கல்வேலி வயல்களை வெறும் அழகு என்று பார்க்கமுடியவில்லை. எங்கள் டூரில் இதற்கு நேரம் ஒதுக்கவில்லை, கம்பளிக் கடைக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது, ஆனால் அதற்குள் எப்போது நுழைந்தோம் என்றே தெரியவில்லை. சோதனைச் சாவடி ஒன்றும் கிடையாது, சாலைப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வந்தது, அடுத்த கடையில் யூரோ செல்லாமல் பவுண்டு கேட்டார்கள், அவ்வளவுதான். பெல்ஃபாஸ்டில் மட்டும் கத்தோலிக்கத் தெருவுக்கும் புராட்டஸ்டன்ட் தெருவுக்கும் நடுவே உயரமான சுவர்கள் இன்னும் நிற்கின்றன. இரண்டு தரப்புச் சண்டையை நிறுத்த 1998-ல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி இத்தனை வருஷம் ஆன பிறகும் சில வாசல்களை ராத்திரியில் பூட்டிவிடுகிறார்கள்.

அங்கிருந்து ஜயன்ட்ஸ் காஸ்வே. தேன்கூட்டு அறைகள்போல ஆறு பக்கக் கருங்கல் தூண்கள், சுமார் 40,000 என்கிறார்கள், எரிமலைக் குழம்பு ஆறி இறுகியபோது வெடித்து இப்படி ஆனது. ஃபின் மெக்கூல் என்ற ராட்சதன் ஸ்காட்லாந்துக்காரனோடு சண்டைபோடப் பாலம் கட்டினான் என்பது அவர்கள் ஊர்க் கதை. கேட்டதும் பஸ்ஸில் பாதிப்பேர் ராமர் பாலம் என்று கத்திவிட்டார்கள். உன் மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால் சொல்கிறேன், மேலேயிருந்து கடற்கரைக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் இறக்கம், மினி பஸ் ஓடுகிறது, கொஞ்சம் காசுதான். கல் ஈரமாக இருந்தால் வழுக்கும், பிடிப்புள்ள ஷூ இல்லாமல் ஏறவேண்டாம்.

அந்த ஜில்லாவின் பெயர் ஆன்ட்ரிம். நமக்குத் தெரிந்த ஆள் ஒருவர் அங்கே பிறந்தவர், சொல்லு பார்ப்போம். நம் இடையன்குடி கால்டுவெல்! 1814-ல் ஆன்ட்ரிமில் கிளேடி என்ற இடத்தில், ஸ்காட்லாந்துக்காரப் பெற்றோருக்குப் பிறந்தார், படித்தது கிளாஸ்கோவில். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார், 1891-ல் கொடைக்கானலில் இறந்து, இடையன்குடியில் தான் கட்டிய கோயிலிலேயே அடக்கமானார். நான் இதைச் சொன்னபோது உள்ளூர் டிரைவருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை, சென்னை மெரினாவில் அவருக்குச் சிலை இருக்கிறது என்றதும் சிரித்துவிட்டு, நான் கதை விடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, போட்டோ காட்டச் சொன்னார். காட்டினேன்.

பெல்ஃபாஸ்டிலிருந்து ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்ரையனுக்குக் கப்பல், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பஸ்ஸும் கப்பலுக்குள்ளேயே வரும், எந்தத் தளத்தில் விட்டோம் என்று எழுதிவைத்துக்கொள்ளச் சொல், இறங்கும்போது எல்லாப் படிக்கட்டும் ஒரே மாதிரி இருக்கும்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ கோட்டையை நீ போட்டோவில் பார்த்துவிட்டாய். ஞாயிறு தவிர தினமும் ஒரு மணிக்குப் பீரங்கி சுடுவார்கள், அம்மா கையிலிருந்த டீயைக் கொட்டிவிட்டாள். நெஸ் ஏரியில் பூதமும் கிடையாது ஒன்றும் கிடையாது, நீளமான கருப்புத் தண்ணீர், படகுக்காரன் மட்டும் நன்றாகச் சம்பாதிக்கிறான். கிளென்கோ பள்ளத்தாக்குதான் எனக்கு. இரண்டு பக்கமும் மலை, மேகம் பாதிவரை இறங்கிவந்து நிற்கிறது. 1692 பிப்ரவரியில் அங்கே மெக்டொனால்டு குலத்தார் வீடுகளில் ராஜாவின் படைவீரர்கள் விருந்தாளிகளாகத் தங்கி, அவர்கள் போட்டதைப் பன்னிரண்டு நாள் போலச் சாப்பிட்டுவிட்டு, ஒரு விடியற்காலையில் எழுந்து சுமார் 38 பேரை வெட்டியும் சுட்டும் கொன்றார்கள், பனியில் ஓடிச் செத்தவர்கள் தனி. அந்தப் படைத்தலைவன் கேம்ப்பெல் குலத்தான். அங்கே ஒரு விடுதியில் இன்றைக்கும் "கேம்ப்பெல்களுக்கு இடமில்லை" என்று பலகை தொங்குகிறது, வேடிக்கைக்குத்தான். கொன்றதைவிட உப்பைத் தின்றுவிட்டுக் கொன்றதைத்தான் அவர்கள் மறக்கவில்லை.

கலோடன் போர்க்களத்தையும் பார்த்தோம், 1746-ல் அரசுப் படையோடு ஒரு மணி நேரம்கூட நடக்காத சண்டை, அதோடு மலைநாட்டுக் குலங்களின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு மலைநாட்டு ஆண்கள் கட்டம்போட்ட டார்ட்டன் உடுத்தக்கூடாது என்று சட்டமே போட்டு, 1782 வரை வைத்திருந்தார்கள். இப்போது அதே துணியைக் கழுத்துத் துண்டாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் விற்கிறார்கள், நம் ஆட்கள் பை பையாக வாங்கினார்கள், உனக்கும் ஒன்று வந்திருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குப் பக்கம் மிட்ஜ் என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாத, கொசு மாதிரிக் கடிக்கும் சின்னப் பூச்சி மொய்க்கும், மே மாதமே மேல்.

இனி வேல்ஸ், என் கோபம் இங்கேதான். ஒரே ராத்திரி ஒதுக்கியிருந்தார்கள். 58 எழுத்துப் பெயர்ப்பலகை உள்ள ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள், எல்லோரும் செல்ஃபி எடுத்தோம். அந்தப் பெயரே 1860-களில் பயணிகளை இழுப்பதற்காக நீட்டியது. கான்வி கோட்டையை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அப்புறம் அபரிஸ்ட்வித்துக்குத் தெற்கே சாலை ஓரத்தில், இடிந்த வீட்டுச் சுவர் ஒன்றில் சிவப்பும் வெள்ளையுமாக "ட்ரவெரினை மறக்காதீர்கள்" என்று வேல்ஷ் மொழியில் எழுதியிருந்தது. பஸ் நிற்கவில்லை. என்ன என்று கேட்டதற்கு டூர் மேனேஜர் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்றார். நான் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ட்ரவெரின் பள்ளத்தாக்கில் கேப்பல் கெலின் என்று வேல்ஷ் மட்டுமே புழங்கிய ஒரு கிராமம், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று அணை கட்டி, பள்ளிக்கூடம், தேவாலயம், வீடுகள் எல்லாவற்றையும் 1965-ல் மூழ்கடித்துவிட்டார்கள், வேல்ஸ் எம்.பி.க்களில் பெரும்பாலோர் எதிர்த்தும் பார்லிமென்டில் சட்டம் நிறைவேறியது. 2005-ல்தான் லிவர்பூல் நகர்மன்றம் மன்னிப்புக் கேட்டது. 1965 என்றதும் எனக்கு நம்மூர் ஞாபகம் வந்தது, அப்போது நான் சின்னப் பையன், பெரிய அண்ணன்மார் பள்ளிக்கூடம் போகாமல் இந்தி எதிர்ப்பு ஊர்வலம் போன வருஷம்.

அவர்களும் விடவில்லை. வேல்ஷுக்குத் தனி டிவி தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியபோது, 1980-ல் குவின்ஃபர் எவன்ஸ் என்ற தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார், பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் அரசு இறங்கிவந்தது, 1982-ல் சேனல் தொடங்கியது. 2021 கணக்குப்படி ஏறக்குறைய 5,38,000 பேர் வேல்ஷ் பேசுகிறார்கள். மான் தீவின் சொந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 1974-ல் இறந்துவிட்டார், இப்போது பள்ளிக்கூடத்தில் மறுபடி கற்றுக்கொடுக்கிறார்கள். வேல்ஸில் அந்த நிலை இல்லை, நாங்கள் டீ குடித்த கடையில் அம்மாவும் பிள்ளையும் அதில்தான் சண்டை போட்டார்கள். முன்பு பள்ளியில் வேல்ஷ் பேசிய பிள்ளை கழுத்தில் மரத்துண்டு மாட்டிவிடுவார்களாம். நீ படித்த பள்ளியில் தமிழ் பேசினால் அபராதம் போட்டார்களே, அதற்கு அண்ணன் முறை. இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வர மனசு ஆறவில்லை, அதனால்தான் வேல்ஸை ரயிலில் தனியாகப் போங்கள் என்கிறேன். கான்வியிலோ அபரிஸ்ட்வித்திலோ அறை எடுத்து இரண்டு மூன்று நாள் இருங்கள். பேரனுக்கும் கோட்டை பிடிக்கும்.

டூர் பதிவதற்கு முன் மாப்பிள்ளையை இவற்றை விசாரிக்கச் சொல். நோட்டீஸில் "பனோரமிக்" என்றும் "ஓரியன்டேஷன்" என்றும் இருந்தால் பஸ்ஸிலிருந்து பார்ப்பது என்று அர்த்தம், உள்ளே போக டிக்கெட் சேர்த்தியா என்று கேட்கவேண்டும். ஒரே ஹோட்டலில் இரண்டு ராத்திரி வரும் டூராகப் பார்க்கவேண்டும், தினம் ஒரு படுக்கை என்றால் பெரியவர்களுக்கு ஆகாது. விசா விஷயம்: இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும்போது பி.ஐ.வி.எஸ். (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்று குறித்த விசா கிடைத்தால் அதிலேயே பிரிட்டன், அயர்லாந்து இரண்டு நாட்டுக்கும் போகலாம், ஆனால் முதலில் எந்த நாட்டில் இறங்குகிறீர்களோ அந்த நாடு கொடுத்த விசாவாக இருக்கவேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் விதியை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்குக் குடை எடுக்காதீர்கள், காற்றில் மடங்கிவிடும், தொப்பியுள்ள ரெயின்கோட் வாங்குங்கள்.

சம்பந்திக்கு என் வணக்கம் சொல். அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று முதலில் கேள், எட்டரைக்கு முன் எழமாட்டார் என்றால் நான் எழுதினதையெல்லாம் விட்டுவிட்டுக் காரே எடுங்கள்.

அன்புடன்,
அப்பா