தோட்டா ரீலோடிங்: டெக்சாஸில் இருக்கும் தம்பிக்கு ஒரு கணக்கு

அன்புள்ள தம்பி,

மாதம் 300 தோட்டா 9 மி.மீ. கைத்துப்பாக்கியிலும், 80 தோட்டா 308 வின்செஸ்டர் ரைஃபிளிலும் சுடுவதாக எழுதியிருந்தாய். சுட்ட கூட்டில் மறுபடி மருந்து நிரப்பித் தோட்டா செய்வதுதான் ரீலோடிங்; அதற்கான பிரஸ் (அழுத்தும் கருவி) வாங்கினால் கட்டுப்படியாகுமா என்பது உன் கேள்வி. 308-க்கு ஆகும், 9 மி.மீ.க்கு ஆகாது. ஏன் என்று கணக்கைப் பார்.

தோட்டாவில் நான்கு பொருள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்டபிறகு கையில் மிஞ்சுவது கூடு மட்டும்தான். மற்ற மூன்றும் ஒவ்வொரு முறையும் காசு.

மருந்து பவுண்டு கணக்கில் விற்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். 9 மி.மீ.க்குச் சுமார் 5 கிரெய்ன் என்று வைத்தால் ஒரு பவுண்டில் 1400 தோட்டா. பவுண்டு 42 டாலர் என்றால் தோட்டாவுக்கு 3 சென்ட். பிரைமர் 7, குண்டு 10. ஆக 20 சென்ட். கடைத் தோட்டா 25 சென்ட் என்றால் மிச்சம் 5 சென்ட், மாதத்துக்கு 15 டாலர். ஒரு முறை இழுத்தால் ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் மணிக்கு 100 தோட்டா தேறினாலே பெரிது. மூன்று மணி நேர வேலைக்குப் 15 டாலர் கூலி!

308-இல் கதையே வேறு. 44 கிரெய்ன் என்று வைத்தால் பவுண்டுக்கு 159 தோட்டாதான். மருந்துக்கு 26 சென்ட். மேட்ச் தரக் (போட்டிக்கான) குண்டு 45, பிரைமர் 8. ஒரு டாலர் கூட்டை எட்டு முறை பயன்படுத்தினால் அதற்கு 12. மொத்தம் 91 சென்ட். அதே தரத்தில் கடைத் தோட்டா 1.70 டாலர் என்றால் மாதம் 63 டாலர் மிச்சம். பிரஸ், டை (கூட்டைப் பழைய வடிவுக்குக் கொண்டுவரும் அச்சு), தராசு, கேலிப்பர் (நீளம் அளக்கும் கருவி), ட்ரிம்மர் (கூட்டை வெட்டும் கருவி) எல்லாம் சேர்த்து 500 டாலர் போட்டால் எட்டு மாதத்தில் முதல் திரும்பிவிடும். (கிரெய்ன் எண்கள் செலவுக் கணக்குக்கு மட்டும். நிரப்பும் அளவை ரீலோடிங் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். விலைகளை உன் ஊர்க் கடை விலைக்கு மாற்றிக்கொள்.)

மருந்தையும் பிரைமரையும் கூரியரில் வரவழைத்தால் ஆபத்துப் பொருள் கட்டணம் தனியாக ஏறும். ஒரு பவுண்டுக்காக அதைக் கட்டினால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். எட்டுப் பவுண்டு டப்பாவும் பிரைமரும் ஒரே ஆர்டரில் வாங்கு, அல்லது கடைக்கே போய் எடுத்துக்கொள்.

இனி, எங்கே தவறும் என்பது. 308 கூட்டுக்கு வாய்ப் பக்கம் குறுகிய கழுத்து உண்டு. எண்ணெய் தடவாமல் டையில் அழுத்தினால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்; அதிகம் தடவினால் தோள் பகுதி குழிந்துவிடும். திரும்பத் திரும்பச் சுடும்போது பித்தளை முன்னோக்கி நகர்ந்து கூடு நீளும். 2.015 அங்குலத்தைத் தாண்டவிடாதே; 2.005-க்கு வெட்டிவிடு. பித்தளை நகர்ந்த இடத்தில் சுவர் மெலியும். அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அந்தக் கூட்டைத் தூக்கிப்போடு, இல்லையென்றால் சுடும்போது இரண்டாகப் பிரியும். சந்தேகமாக இருந்தால் பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து உள்ளே தடவிப் பார்; பள்ளம் தட்டுப்படும்.

மருந்து அளவில் தராசை மட்டும் நம்பு. 308-இல் தவறி இரட்டை அளவு போட்டால் வழிந்து கொட்டிக் காட்டிக்கொடுக்கும். 9 மி.மீ.யில் பல மருந்துகள் பாதிக் கூட்டைக்கூட நிரப்பாது. இரட்டை அளவு சத்தமில்லாமல் உள்ளே அடங்கும், துப்பாக்கியே வெடித்துச் சிதறும். மருந்தே விழாமல் போனாலும் ஆபத்துதான்: பிரைமரின் வேகத்தில் குண்டு துப்பாக்கிக் குழாயின் நடுவில் நின்றுவிடும், அடுத்த குண்டு அதில் மோதும். 'டப்' என்று மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்திக் குழாயைச் சோதி. எந்தப் புது மருந்தையும் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்தே ஆரம்பி.

பிரைமர் கரியில் ஈயம் இருக்கும். கூடு சுத்தம் செய்யும் தூசியைக் குழந்தை பக்கம் வரவிடாதே. சமையலறை மேசை கூடவே கூடாது.

சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அமெரிக்க மத்திய அரசு உரிமம் வேண்டாம். தொழிலாகச் செய்து விற்பதென்றால் உரிமம் வேண்டும். உனக்கு கிரீன் கார்டு இருப்பதால் தோட்டா வைத்திருக்கத் தடையில்லை. ஆனால் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும் உன் அறைத்தோழன், வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல், தோட்டாவை வைத்திருப்பதே குற்றம். அவனிடம் பெட்டியைக் கொடுத்துவைக்காதே.

ஊருக்கு வரும்போது காலிக் கூட்டை நினைவுப்பொருளாகக்கூடப் பெட்டியில் போடாதே. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கே இந்தியாவில் தோட்டாவின் உதிரிப் பாகமும் தோட்டாதான்.

அன்புடன்,
அண்ணன்