ஏமாந்தவரின் குரலை வைத்து எடுத்த வீடியோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மாமா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். சென்ற வருடம் அவருக்கு, வீடியோ காலிலேயே கைது செய்துவிட்டதாக ஏமாற்றும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ அழைப்பு வந்தது. அவர் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று காக்கிச்சட்டை போட்ட ஒருவன் வீடியோ காலில் மிரட்டினான். மாமா இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. எஃப்டியை உடைத்துப் பணத்தை அனுப்பிவிட்டார்.

பணம் போனதைவிட, அப்புறம் வந்த முப்பது விநாடி வீடியோதான் அவரை நொறுக்கியது. விழிப்புணர்வு என்று சொல்லி யாரோ எடுத்தது. மாமாவின் முகத்தை மறைத்தவர்கள் அவர் குரலை மாற்றவில்லை. ‘படித்தவரே இப்படியா?’ என்று தலைப்பு, பின்னணியில் சிரிப்புச் சத்தம். தெருவே அடையாளம் கண்டுகொண்டது.

இதைப் பார்த்த பிறகு, அடுத்து ஏமாறுகிறவர் வாய் திறப்பாரா? பணம் போன கையோடு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைத்தால், பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறி எடுக்கப்படுவதற்குள் முடக்க வழி இருக்கிறது. வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பும் போகிறது.

விழிப்புணர்வு வீடியோக்கள் சுவையாக இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள்? மோசடிக்காரன் கையாளும் தந்திரத்திலேயே வேண்டிய அளவு சுவை இருக்கிறதே! ‘யாரிடமும் சொல்லாதே, போனை கட் பண்ணாதே’ என்று அவன் சொல்லும் இடத்தை நடித்துக் காட்டி அங்கேயே நிறுத்துங்கள். வீடியோ காலில் கைது செய்ய நம் நாட்டுச் சட்டத்தில் இடமே இல்லை என்ற வரி அங்கே வரட்டும். ஒரு வீடியோவுக்கு ஒரு விஷயம் போதும். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் போட வேண்டியதில்லை என்பதை மட்டும் ஒரு பூக்கடைக்காரம்மாவை வைத்துச் சொன்னால் எத்தனை பேருக்குப் புரியும்! ‘நில், யோசி, செயல்படு’ என்று 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியில் சொன்னதும் மூன்றே சொல்தான்.

இந்த வீடியோக்களின் கீழேயே ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று சிலர் எண் போடுகிறார்கள். அது அடுத்த மோசடி. மாமா அதில் ஒரு எண்ணைக் கூப்பிடப் போனார், அத்தைதான் போனைப் பிடுங்கினார். வீடியோ போடுகிறவர்கள் இவற்றைத் தினமும் பார்த்து நீக்க வேண்டும்.

உங்கள் இதழும் குறுவீடியோக்கள் வெளியிடுகிறது. அவற்றில் 1930 கடைசி நொடியில், பொடி எழுத்தில் வருகிறது. அதற்குள் பலர் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுகிறோம். முதல் நொடியிலேயே பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்