ஆண்டறிக்கை: மாத்திரை கொடுத்த பிறகும் வேலை இருக்கிறது

நம் செவிலியர் சங்கத்தின் சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், தேர்தலும் சண்டையில்லாமல் முடிந்தது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாதக் கூட்டங்களில் இந்த ஆண்டு அதிகம் பேசியது, மனநல வார்டில் வயதானவர்களுக்கு மருந்து கொடுப்பதைப் பற்றித்தான்.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று படிக்கும்போதே மனப்பாடம் செய்துவிட்டோம். வயதானவர்களுக்கு இந்த ஐந்தும் சரியாக இருந்தும் ஆபத்து வரும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் வழியாகத்தான் அது வெளியேற வேண்டும், வயதானால் அந்த வேலை மந்தமாகிவிடும். சித்திரை வெயிலில் வேர்த்து, வயிற்றுப்போக்கும் சேர்ந்து, மூட்டுவலிக்கு யாரோ டைக்ளோஃபெனாக்கும் எழுதிவிட்டால், நேற்றுவரை ஒத்துக்கொண்ட அதே அளவு இன்று நஞ்சாகலாம். கைநடுக்கம் கூடினாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல், அடுத்த வேளையைக் கொடுக்குமுன் டாக்டரைக் கூப்பிடுங்கள், இரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பேசிடேன் மாத்திரை. ஹாலோபெரிடால் என்ற மனச்சிதைவு மருந்தால் வரும் உடல் விறைப்புக்கு அதைக் கொடுக்கிறோம், ஆனால் முதியவருக்கு அதுவே மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, திடீர்க் குழப்பம் என்று கொண்டுவந்துவிடும். குழப்பத்தைப் பார்த்து நோய் முற்றிவிட்டதாக நினைத்து இன்னொரு மாத்திரை சேரும். க்ளோசபின் என்ற மனச்சிதைவு மருந்தும் மலத்தைக் கட்டிவிடும், அதை எடுப்பவரிடம் மலம் போனதா என்று தினமும் கேட்டு எழுதுவது உயிர் காக்கும் வேலை, கூச்சமே வேண்டாம்.

"தூங்க வைங்க சிஸ்டர்" என்று நைட் டூட்டியில் உறவினர்கள் கேட்பது நமக்குப் பழக்கம்தான். டிமென்ஷியா என்ற மறதிநோய் உள்ள முதியவர்களுக்குப் புதிய வகை மனச்சிதைவு மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005இல் எச்சரித்தது, 2008இல் பழைய மருந்துகளையும் அதில் சேர்த்தது. அதனால் மாத்திரையை எடுக்குமுன், வலி இருக்கிறதா, சிறுநீர்த் தொற்றா என்று முதலில் பாருங்கள்.

இந்த மருந்துகளால் எழுந்ததும் பிபி இறங்கி விழுந்துவிடலாம், அதனால் படுக்கவைத்து ஒரு பிபி, எழுந்து நின்றபின் 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் இன்னொரு பிபி. மேல் அளவு 20 குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், பாத்ரூம் போக ஆள் துணையும் வேண்டும். ஒரு சிஸ்டர் ஒரு வார்டையே பார்த்தால் இதற்கு நேரம் ஏது என்று எல்லாரும் கேட்டீர்கள், நியாயமான கேள்வி. மனு கொடுத்தாயிற்று, பதில் வரவில்லை, மறுபடியும் கொடுப்போம்.

சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

செயலாளர்