பிரஸ்ஸல்ஸ் போற தம்பிக்கு

கண்ணா,

ஆபீஸ் வேலையா பிரஸ்ஸல்ஸ் போறேன்னு சொன்னியே, போன்ல நிதானமா பேச முடியல, அதான் எழுதுறேன். சாயங்காலம் வேலை முடிஞ்சதும் ரூம்ல போனை நோண்டிட்டு படுத்துடாதப்பா. நானும் அம்மாவும் அங்க போனப்ப ஒரு சந்துக்குள்ள இருந்த குட்டி பார்ல உக்காந்தோம், நாலஞ்சு மேஜைதான், டிவி கிடையாது, பாட்டுச் சத்தம் கிடையாது, அந்த மாதிரி இடமா பாத்து போ.

போனா கூஸ்னு கேளு. அந்த ஊர்ப் பக்கம் காய்ச்சுற லாம்பிக்ங்கிற புளிப்பு பீரைக் கலந்து செய்றது. மத்த பீருக்கு பொதுவா ஈஸ்ட்டைத் தனியா போடுவாங்க இல்லையா, இதுக்குப் போடவே மாட்டாங்க, கொதிக்க வச்சதை அகலமான ஆழமில்லாத தொட்டில ஊத்தி ராத்திரி முழுக்கத் திறந்தே ஆற விடுவாங்க, காத்துல இருக்கிற ஈஸ்ட்டே வந்து விழுந்து புளிக்க ஆரம்பிச்சிடும். வெயில் காலத்துல வேண்டாத கிருமியும் சேந்துடும்னு குளிர் மாசங்கள்லதான் காய்ச்சுறது. அப்புறம் மரப் பீப்பாய்ல வருஷக்கணக்கா கிடக்கும். 1 வருஷத்தது, 2 வருஷத்தது, 3 வருஷத்தது எல்லாத்தையும் ருசி பாத்து கலந்து பாட்டில்ல அடைக்கிறாங்க, இளசுல மிச்சமிருக்கிற சர்க்கரை உள்ளயே மறுபடி புளிச்சு நுரை கட்டுது. எனக்கு இதைக் கேக்கக் கேக்க அவ்ளோ மரியாதை வந்துச்சுடா.

எங்களுக்கு ஊத்தின பையன் பாட்டிலை நிமித்தவே இல்ல, பிரம்புக் கூடைல படுத்த மேனிக்கே கொண்டு வந்து, அடியில படிஞ்ச மண்டி கலங்காம மெதுவா சாய்ச்சான். முதல் வாய் நல்ல புளிப்பு, அம்மா முகத்தைச் சுளிச்சா, ஆனா கிளாஸை கீழ வைக்கல. உனக்கும் முதல் வாய் ஒரு மாதிரிதான் இருக்கும், அதோட விட்டுடாத.

ஒண்ணு மட்டும் கவனமா இரு. கூஸ் பெரும்பாலும் 5, 6 சதவீதம்தான். ட்ராப்பிஸ்ட்ங்கிற கிறிஸ்தவத் துறவிங்க மடத்து பீர் எல்லாம் அப்படி இல்ல, சிலது ரொம்ப கடுமை, ரோஷ்ஃபோர் 10னு ஒண்ணு இருக்கு, பேர்ல 10தான், ஆல்கஹால் 11.3 சதவீதம். இனிப்பா இறங்கும், ஏறுறது தெரியாது. போர்டுல சதவீதத்தைப் பாத்துட்டு சொல்லு, வெறும் வயித்துல குடிக்காத, நடுவுல தண்ணி கேட்டு வாங்கிக்கோ. கூட்டம் இல்லாத நேரமா பாத்து போனா ஊத்துறவங்களே ஆசையா எடுத்துச் சொல்லுவாங்க, கூச்சப்படாம கேளு.

750 மில்லி பாட்டில் தனியா வாங்காத, கூட வேலை பாக்குறவங்க யாராவது வந்தா பகிர்ந்துக்கோங்க. எதைக் குடிச்ச, எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுது.

அப்பா